துக்கப் பை

கொய்யாத்திட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் அந்த ஊரை லேசில் மறக்கமாட்டார்கள். பழத்தட்டும் கையுமாகத் தோணித்துறையில் வந்து நிற்பார்கள். அங்கே ஒரு கீற்றுக் கொட்டகை. "உக்காந்து சாப்ட்டுட்டு ஏறுங்க" என்பார் காவல்காரர் தேசப்பன். சாப்பாடு எங்கே என்று சுற்றிப் பார்த்தால், அவர்கள் கொண்டுவந்த பழத்தட்டுதான் சாப்பாடு. ஆப்பிள், ஆரஞ்சு, மாதுளை எல்லாவற்றையும் அங்கேயே தின்று தீர்க்க வேண்டும். தோலையும் கொட்டையையும் கொட்டகை ஓரத்து உப்புத்தண்ணீர்த் தொட்டியில் போட வேண்டும். கடைசியில் தட்டில் வெற்றிலை, மஞ்சள், கற்கண்டு, தேங்காய் மட்டும் மிஞ்சும். அதோடு தோணி ஏறலாம்.

"பொண்ணு பாக்க வந்தோமா, பந்திக்கு வந்தோமா?" என்று மாப்பிள்ளை வீட்டார் வாயைத் துடைத்துக்கொண்டே சிரிப்பார்கள்.

எல்லாம் ஓர் ஈக்காகத்தான். வீட்டு ஈயைவிடச் சற்றுப் பெரியது. தேன் நிறம், குளவி இடுப்பு, கண்ணாடிச் சிறகு. பார்த்தால் அழகாகக்கூட இருக்கும். பெண் ஈயின் வாலில் ஊசி ஒன்று உண்டு. பழுக்கப்போகும் கொய்யாவின் தோலில் அதைக் குத்தி உள்ளே முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். வெளியே குண்டூசி முனை அளவுக்கு ஒரு புள்ளி, அவ்வளவுதான் அடையாளம். உள்ளே புழு பொரித்துச் சதையைத் தின்று வளரும். வளர்ந்ததும் பழத்தைத் துளைத்து வெளியே வந்து, மண்ணுக்குள் போய்க் கூடாகி, ஈயாகித் திரும்பி வரும். கரைப்பக்கத்துத் தோப்புகளில் இந்த ஈ இல்லாத கொய்யா மரமே கிடையாது. மருந்து அடித்து மாளாமல் பாதிப் பேர் மரத்தையே வெட்டிவிட்டார்கள்.

கொய்யாத்திட்டில் மட்டும் அது இல்லை. மரக்காணத்து உப்பங்கழிக்கு நடுவே, சுற்றிலும் உப்பளங்கள் கண்ணைக் கூசவைக்கும் இடத்தில், கவிழ்த்துப் போட்ட சட்டிபோல ஒரு மேடு அது. ஈ பறந்து வர வேண்டுமென்றால் நிழலோ நல்ல தண்ணீரோ இல்லாத அந்த வெள்ளை வெளியைக் கடக்க வேண்டும். காற்றில் அடித்துக்கொண்டு வரும் ஒன்றிரண்டுக்கும் துணை கிடைக்காது. ஆனால் பழத்துக்குள் புழுவாகத் தோணியேறி வந்தால், ஆணும் பெண்ணுமாகக் குடும்பத்தோடு வந்து இறங்கிவிடும். அதனால்தான் துறையில் காவல். தேசப்பனின் அப்பா பார்த்த காவலைத் தேசப்பன் பார்த்துவந்தார்.

காவலில் ஒரே ஒரு விலக்கு உண்டு. அப்பா காலத்தில், கடலுக்குச் சடங்குக்குப் போய்த் திரும்பிய ஒரு பெண்ணின் பையை, பழம் இருக்குமோ என்று துறையில் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே கரைத்தது போக மிச்சம் வைத்திருந்த அவள் பிள்ளையின் சாம்பல் இருந்தது. காற்றில் பறந்தது. அவள் அதைப் பிடிக்கத் தண்ணீரில் இறங்கி ஓடினாளாம். அன்றோடு ஊர் முடிவு செய்தது: துக்கத்துக்குப் போய் வருகிறவரின் பையைத் திறப்பதில்லை. அவரிடம் பேசுவதும் இல்லை. அவர் பாட்டுக்குத் தோணியேறி, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விடலாம்.

அப்போதெல்லாம் துக்கப் பை என்பது எப்போதாவது வருவது. சுனாமிக்குப் பிறகு அமாவாசை அமாவாசைக்குத் தோணி நிறைய வந்தது.

அவற்றில் ஒன்று தேசப்பனின் மனைவி கொளஞ்சியம்மாளுடையது. அவர்களுடைய ஒரே பெண் இலக்கியா. மரக்காணத்தில் தையல் பழகிக்கொண்டிருந்தாள். அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கூடத் தைக்கும் சந்தியா வீட்டுக்கு, கிறிஸ்துமஸ் பலகாரம் மிச்சமிருக்கிறது என்று எக்கியார்குப்பத்துக்குப் போனாள். சந்தியா வீட்டுச் சுவரில் பாதி கிடைத்தது. இலக்கியா கிடைக்கவே இல்லை. அதன்பிறகு பல மாதம் கொளஞ்சியம்மாள் கடல் பக்கமே திரும்பவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். ஆடி அமாவாசைக்குத்தான் முதல்முறையாக மற்றப் பெண்களோடு போய்ப் படைத்துவிட்டு வந்தாள்.

ஆவணி அமாவாசை நெருங்கிய ஒரு காலையில், திட்டின் கிழக்கு மூலையில் தொங்கிய பாட்டிலில் தேசப்பன் அந்த ஈயைப் பார்த்தார்.

பாட்டில் என்பது வேறொன்றுமில்லை. காலித் தண்ணீர் பாட்டிலின் பக்கவாட்டில் ஓட்டை போட்டு, உள்ளே மருந்தில் ஊறிய பலகைத் துண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவது. அந்த மருந்தில் துளசி வாசம் அடிக்கும். துளசியில் இருக்கும் வாசனைப் பொருள்தான் அதிலும். ஆண் ஈக்கு அது கல்யாண வீட்டு அத்தர் மாதிரி. பூசிக்கொண்டு போனால் பெண் ஈ மயங்கும் என்று ஓடி வரும். வந்தது வெளியே போகாது. பாட்டில் ஈயை ஒழிக்கப் போட்டதல்ல. வந்திருக்கிறதா என்று சொல்லத்தான். அது சொல்லிவிட்டது. ஒன்றல்ல, ஒரு கைப்பிடி.

தேசப்பன் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்தார். உயிரோடிருந்த ஒன்று கண்ணாடிச் சிறகைத் தூக்கித் தூக்கி இறக்கியது, கை காட்டிக் கூப்பிடுவதுபோல.

ஊர் துறையில் கூடியது.

"ஏம்பா தேசப்பா, கரையில நீ காவல் காக்குறியா, காத்து வாங்குறியா?" என்று ஆரம்பித்தார் சுப்ராயன். கிழக்கு மூலைக்கு அடுத்த தோப்பு அவருடையது.

"எல்லாத்தையும் பாத்துட்டுத்தான்யா ஏத்துறேன்."

"அப்ப ஈ இன்னா டிக்கெட் வாங்கிகினா வந்துச்சு? தோணிக்காரன கேளு."

தோணி தள்ளும் அந்தோணிராஜ் கையைத் தூக்கினான். "அண்ணே, என் மேல பழியப் போடாதீங்க. இவரு போடுற சோதனை இருக்குதே! போன கிறிஸ்துமஸுக்கு நான் கொண்டாந்த கேக்குல இருந்த திராட்சைய ஒவ்வொண்ணா நோண்டி எடுத்தாரு. என் புள்ளைங்க ஓட்டை கேக்கு துன்னுச்சுங்க..."

சிரித்தார்கள். பிறகு கிறிஸ்துமஸ் என்ற வார்த்தை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. சிரிப்பு நின்றது. அந்தோணிராஜ் தலையைக் குனிந்துகொண்டான். தூரத்தில் கடல் இரைவது கேட்டது. முன்பெல்லாம் அது யார் காதிலும் விழுவதே இல்லை.

சுப்ராயனின் மனைவி மாரியம்மாள் மெதுவாகச் சொன்னாள்: "அமாவாசைக்கு வருதுங்க. அதுவும் கெழக்கு மூலையில, கடல் பாத்த பக்கம். ஈயின்னு சொல்லிகினு இருக்கீங்க."

அவள் தம்பியும் அந்த ஞாயிற்றுக்கிழமை போனவன்தான்.

ஈ வந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான். பாட்டிலைச் சுற்றியுள்ள மரங்களில் பிஞ்சு, காய், பழம் ஒன்றுவிடாமல் பறித்து உப்புத்தண்ணீரில் போட வேண்டும். முட்டை வைக்க இடம் இல்லாவிட்டால் ஈ ஒரு தலைமுறையோடு முடிந்துவிடும். சுப்ராயன் தன் தோப்பில் கிழக்கு வரிசைகளை மொட்டையடித்தார். பழுக்கக் காத்திருந்த காய்கள் தொட்டியில் விழுந்த ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் தேசப்பனைப் பார்த்தார். பாட்டில்கள் காலியாயின. ஊர் மூச்சு விட்டது.

புரட்டாசி அமாவாசை நெருங்கியபோது மறுபடி வந்தன. அதே மூலை, முன்னைவிட அதிகம்.

"இன்னொரு தரம் பறிச்சா அப்புறம் பறிக்க ஒண்ணும் இருக்காது" என்றார் சுப்ராயன். இந்தமுறை அவர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் தேசப்பனுக்குப் பயமாக இருந்தது. தொடர்ந்து இரண்டு பருவம் ஈ தங்கிவிட்டால் இனி ஜென்மத்துக்கும் போகாது. கரையில் வெட்டியதுபோல இங்கேயும் மரத்தை வெட்ட வேண்டியதுதான்.

தேசப்பன் பேய்க்குப் பயந்தவர் இல்லை. ஆனால் மாரியம்மாள் சொன்னது அவரை விடவில்லை. ஏன் அமாவாசை? ஈக்கு நிலவைப் பற்றி என்ன அக்கறை? அவர் ஈயின் ஆயுளைப் பின்னோக்கி எண்ணிப் பார்த்தார். ஆண் ஈ வாசனை தேடி அலைகிற பருவத்துக்கு வரச் சில நாள். அதற்கு முன் மண்ணுக்குள் கூடாக ஒரு வாரத்துக்கு மேல். அதற்கு முன் பழத்துக்குள் புழுவாக ஒரு வாரம். எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட நிலா ஒரு சுற்றுச் சுற்றிவரும் காலம். அப்படியானால் இந்த அமாவாசைக்குப் பறக்கும் ஈ, போன அமாவாசையன்று பழத்துக்குள் வந்தது.

அமாவாசையன்று திட்டுக்குள் திறக்காமல் வருவது ஒன்றே ஒன்றுதான்.

அவர் வீட்டுக்கு வந்தபோது கொளஞ்சியம்மாள் தலைவாரிக்கொண்டிருந்தாள். எண்ணெய் வைத்திருந்தாள். ஆடிக்குப் பிறகு அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட ஆரம்பித்திருந்தாள், பக்கத்து வீட்டுக் குழந்தையிடம் இரண்டு வார்த்தை பேசினாள். கடலுக்குப் போய் வந்ததில் மனம் ஆறியிருக்கிறது என்று அவர் நினைத்திருந்தார்.

"ஏங்க, ஒண்ணு காட்டட்டுமா? யார்கிட்டயும் சொல்லக்கூடாது" என்றாள் அவள்.

கிழக்கு மூலைக்குக் கூட்டிப்போனாள். சுனாமியன்று உப்பங்கழி ஏறிக் கருக்கிய ஒரு மரம் அங்கே பட்டுப்போய் நின்றது. அதன் அடியில், யார் கண்ணிலும் படாதபடி புதர் மறைவில், ஒரு கூடை கவிழ்த்து வைத்திருந்தது. கல்யாணமாகாமல் போன பெண்ணுக்குக் கன்னிப் படையல் என்று உண்டு. புதுத்துணி, பூ, அவளுக்குப் பிடித்த பண்டம் வைத்துக் கூடையால் மூடுவார்கள். காக்கை தொடக்கூடாது. அது அவளுக்கு மட்டும்.

கொளஞ்சியம்மாள் கூடையைத் தூக்கினாள். மடித்த பாவாடைத் துணி, காய்ந்த கனகாம்பரம். வாழையிலையில் பழைய கொய்யாக்கள். அவற்றில் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். தோல் முழுசாக இருந்தது. கனமே இல்லை. விரல் பட்டதும் பொக்கென்று அமுங்கியது.

"பாத்தீங்களா? ஒரு கடி இல்ல, ஒரு நகம் படல. உள்ள மட்டும் துன்னுருக்கா." அவள் குரல் தாழ்ந்தது. "செவப்புக் கொய்யா. பஸ் ஸ்டாண்டுல மொளகாத்தூள் போட்டு விப்பான் பாருங்க, அது. 'இந்த ஊருல வெள்ளக் கொய்யா துன்னே என் காலம் போயிடும்மா'ன்னு சொல்லுவாளே. முதல் தபா சும்மாத்தான் வச்சேன். எட்டு நாள் கழிச்சு வந்து பாத்தா... வந்துருக்கா. நம்ம புள்ள வந்துட்டுப் போறா."

தேசப்பனின் உள்ளங்கையில் பழம் அசைந்தது. மிக லேசாக, உள்ளேயிருந்து. கடைசியாக மிச்சமிருந்த புழு ஒன்றாக இருக்கும், வெளியேறத் தாமதமானது. அவருக்கு அது தெரியும். தோலில் குண்டூசிப் புள்ளி எங்கே இருக்கும் என்றும், புழு வெளியேறிய துளை அடிப்பக்கம் இலையோடு ஒட்டியிருக்கும் என்றும் தெரியும். கூடை என்ன செய்திருக்கிறது என்பதும் புரிந்தது. காக்கையும் அணிலும் தொடாமல், வெயில் படாமல், புழுவுக்கு நிழலும் அடியில் மெத்தென்ற மண்ணும் கொடுத்து அடைகாத்திருக்கிறது. எல்லாம் தெரிந்தும் ஒரு கணம் அவர் உடம்பு சிலிர்த்தது. உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்பதுபோல.

"ஆமா, இல்ல?" என்றாள் அவள்.

"ஆமா" என்றார் அவர்.

அதற்கப்புறம் அவர் தூங்கவில்லை. சுப்ராயனுக்குத் தெரிந்தால் வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிடும். அது போகட்டும், அவமானத்தைத் தாங்கிக்கொள்ளலாம். ஈயை நிறுத்த வேண்டுமானால் மகள் வந்து சாப்பிடவில்லை என்று அவளிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால் அவள் மறுபடி பிசைந்த சோற்றின் முன் உட்கார்ந்துவிடுவாள். சொல்லாவிட்டால் திட்டில் ஒரு மரம் மிஞ்சாது. நாளை சொல்லலாம் என்று நாட்களைத் தள்ளிக்கொண்டே போனார். புரட்டாசி அமாவாசை வந்துவிட்டது.

அன்று காலை கடலுக்குப் போன பெண்கள் உச்சிவெயிலில் துறைக்குத் திரும்பினார்கள். ஈரப்புடவை, குனிந்த தலை, இடுப்பில் பை. வழக்கம்போல யாரும் அவர்களோடு பேசவில்லை. திட்டிலிருந்து சுப்ராயன் உட்பட நாலைந்து பேர் தொட்டிக்குத் தண்ணீர் மாற்ற வந்திருந்தார்கள். அந்தோணிராஜ் கழியை ஊன்றித் தோணியை நிறுத்தினான். முதல் பெண் ஏறினாள். மாரியம்மாள் ஏறினாள்.

கொளஞ்சியம்மாள் கால் வைக்கும்போது தேசப்பன் குறுக்கே நின்றார்.

"பையத் தொற."

துக்கத்திலிருந்து வருபவளிடம் பேசிவிட்டார். அதுவும் புருஷன்.

"இன்னாய்யா பண்ற?" என்றார் சுப்ராயன். "அம்மாசையும் அதுவுமா... வுடுப்பா அந்தம்மாவ."

அவள் பையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டாள். "வேணாங்க" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. "பசியா இருப்பா."

தேசப்பன் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார். பைக்குள் ஈரத்துணியில் சுற்றிய சிவப்புக் கொய்யாக்கள். வாசம் கொட்டகை முழுக்க எழுந்தது.

தேசப்பன் அவளை மரப்பலகையில் உட்கார வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு பழத்தை எடுத்துத் தோலில் விரலை ஓட்டி, தேடியதைக் கண்டுபிடித்தார்.

"இத பாரு. இந்தப் புள்ளி. இங்க குத்தி முட்ட வச்சிருக்குது. கடையில இருக்கும்போதே. உள்ள நெல்லுமுனை கணக்கா புழு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. நீ கூடை மூடிட்டு வந்துடுற. எட்டு நாள் அது துன்னுது." அவர் குரல் சாதாரணமாக, ஒரு வேலையை விளக்குவதுபோல ஆரம்பித்தது, போகப் போகத் தேய்ந்தது. "அப்புறம் மண்ணுக்குள்ள போயிடுது. தோலு அப்படியே நிக்கும். கடிச்ச மாதிரி இருக்காது."

"அன்னிக்கு ஆமான்னீங்களே."

"ஆமா."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

அவள் பழத்தை வாங்கிப் புள்ளியைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அவள் அழுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் கேட்டது வேறு.

"இப்ப இத இன்னா பண்ணுவீங்க?"

அவர் கண் தானாகத் தொட்டிப் பக்கம் போனது. எப்போதும் செய்வதுதான். பழத்தை உப்புத்தண்ணீரில் அமுக்கிக் கல் வைத்தால் புழு மூச்சு முட்டி வெளியே வந்து சாகும்.

அவளும் தொட்டியைப் பார்த்தாள். "உப்புத் தண்ணியிலயா?" என்றாள். "திரும்பவும் உப்புத் தண்ணியிலயா போடப் போறீங்க?"

தோணியில் உட்கார்ந்திருந்த மாரியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஈ எப்படி வாழ்கிறது, எப்படிச் சாகிறது என்று அவ்வளவும் தெரிந்த தேசப்பனுக்கு இது தோன்றியதே இல்லை. அந்தத் தொட்டியில் அவர் எத்தனை முறை கையை விட்டு அமுக்கியிருக்கிறார்.

"தண்ணியில வேணாம்" என்றார் கடைசியில். "பொதைக்கலாம்."

அதுவும் ஒரு வழிதான். மண்ணுக்குள் கூடாகிற ஈ வெளியே வர மேல்மண்ணைத் தலையால் முட்டித் திறக்க வேண்டும். இடுப்பளவு ஆழத்தில் போட்டு, மேலே மண்ணை மிதித்துக் கெட்டிப்படுத்திவிட்டால் அதனால் முடியாது. உப்புத்தண்ணீர் கையருகே இருந்ததால் திட்டில் யாரும் அந்தச் சிரமம் பட்டதில்லை.

பட்ட மரத்தடியில் குழி வெட்டினார்கள். கேட்காமலே சுப்ராயன் மண்வெட்டியோடு வந்தார். கூடைக்கு அடியிலிருந்த மண்ணையும் அள்ள வேண்டியிருந்தது. அதைக் கிளறியபோது பழுப்பு நிறக் கூடுகள் நெல்மணிபோல உதிர்ந்தன. கொளஞ்சியம்மாள் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துக் கையை மூடிக்கொண்டாள். துணி, பூ, பழங்கள், சுற்று மரங்களில் பறித்த காய் எல்லாம் உள்ளே போயின. இலக்கியாவுக்கு இதுவரை யாரும் குழி வெட்டியதில்லை; வாய்க்கரிசி போட்டதில்லை. கொளஞ்சியம்மாள் குழி விளிம்பில் குனிந்து கையைத் திறந்தாள். பிறகு எழுந்து, தானே மண்ணைத் தள்ளினாள்.

மேட்டுக்கு நேர்மேலே தேசப்பன் ஒரு பாட்டிலைக் கட்டினார். ஏதாவது ஒன்று தப்பி மேலே வந்தால் தெரிய வேண்டும்.

அதன்பிறகு துறையில் துக்கப் பை என்று ஒன்று இல்லை. எல்லாப் பையும் திறந்தது. முதலில் திறந்து காட்டுகிறவள் கொளஞ்சியம்மாள். அவள் சாப்பிட்டாள், குறைவாக. தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்திவிட்டாள். ஆனால் தினம் காலையில் தேசப்பன் கிழக்கு மூலைக்குப் போகும்போது அவளும் கூடப் போனாள். அவர் பாட்டிலைக் கழற்றி வெளிச்சத்தில் பிடிப்பார். அவள் மண்மேட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, வெடிப்பு ஏதாவது விட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பாள். இருவரும் பார்த்தது ஒரே மண்ணைத்தான்.

மழை தொடங்கி, ஐப்பசி அமாவாசையும் வந்தது. ஈ வருவதாக இருந்தால் அன்றைக்குள் வந்திருக்க வேண்டும். தேசப்பன் பாட்டிலைக் கழற்றினார். திருப்பினார். தட்டினார். உள்ளே பலகைத் துண்டும் துளசி வாசமும் மட்டும் இருந்தன.

"யாராவது வந்தாங்களா?" என்றாள் அவள், தலை நிமிராமல்.

"யாரும் வரல."

திட்டு பிழைத்துவிட்டது. துறைக்குப் போய்ச் சொன்னால் சுப்ராயன் கட்டிப்பிடித்துக்கொள்வார். தேசப்பன் போகாமல் நின்றார். பாட்டிலை இன்னொரு முறை தூக்கி, மேகத்துக்கு இடையில் வந்த கொஞ்ச வெயிலில் பிடித்து, ஓட்டைக்குள் கண்ணை வைத்து, மெதுவாக, மிக மெதுவாகச் சுற்றிப் பார்த்தார்.